குதிரைக்கு வாந்தி வராது!

கெட்டுப்போன பலகாரத்தைத் தின்றுவிட்டால் நமக்குக் குமட்டும், வாந்தி வரும். குதிரைக்கு அந்த வழியே கிடையாது. அதன் உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வலுவான தசை வளையம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி, உள்ளே போவதை விடும். மேலே திரும்ப விடாது. அதனால்தான் குதிரைக்கு வயிற்றுவலி என்றால் வளர்ப்பவர்கள் பதறிப் போகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 400, 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர் அளவுதான். நாளின் பெரும்பகுதி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. குதிரையைக் கட்டிப்போட்டு, ஒரே வேளையில் நிறையத் தானியத்தைக் கொடுத்தால் உள்ளே வாயு சேரும். தண்ணீர் போதாவிட்டால் லத்தி இறுகிக் குடலை அடைக்கும். சில நேரம் குடலே முறுக்கிக்கொள்ளும்.

வலி வந்த குதிரை என்ன செய்யும்? தீனியைத் தொடாது. முன்காலால் தரையைப் பறண்டும். அடிக்கடி தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். படுக்கும், எழும், புரளும். சும்மா நின்றாலும் வியர்க்கும்.

மூன்று சோதனைகள்

மருத்துவர் முதலில் தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடியைப் பார்ப்பார். ஓய்வாக இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. உங்கள் நாடியை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குதிரைக்கு அது 60ஐத் தாண்டினால் வலி கடுமை என்று பொருள்.

அடுத்து ஈறு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் சரியில்லை. உங்கள் விரல் நகத்தை அழுத்திவிட்டும் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, வயிற்றின் பக்கவாட்டில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது. கடமுடா சத்தம் கேட்டால் குடல் வேலை செய்கிறது. சத்தமே இல்லையென்றால்தான் கவலை.

கடற்கரைக் குதிரைகளுக்கு வேறொரு தொல்லையும் வரலாம். மணல் மேல் போட்ட தீனியோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைப்பார்கள். நார் மிதக்கும், மணல் அடியில் படியும். தீனியைத் தொட்டியில் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வைத்தியம் என்ன?

மருத்துவர் வரும்வரை தீனியை எடுத்துவிட வேண்டும். வாய்வழியாக எந்தக் கஷாயத்தையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடலாம். மருத்துவர் வலிக்கு ஊசி போடுவார். மூக்கு வழியாக நீளமான குழாயை இரைப்பை வரை செலுத்துவார். வாந்தியால் வெளியேற முடியாத வாயுவும் நீரும் அந்தக் குழாய் வழியே வெளியேறும். லத்தி இறுகியிருந்தால் அதே குழாயில் தண்ணீரும், வழுக்கிவிடும் எண்ணெயும் கொடுப்பார். குடல் முறுக்கியிருந்தால் அறுவைச் சிகிச்சைதான்.

வயிற்றிலிருந்து குளம்புக்கு

அளவுக்கு மீறித் தின்ற தானியம் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனால், அங்கே உண்டாகும் நச்சுப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கும். அதன் விளைவாக, குளம்புச் சுவரை உள்ளே இருக்கும் எலும்போடு பிணைக்கும் மெல்லிய திசு வீங்கிவிடும். குளம்பு சூடாக இருக்கும். முன்கால்களில் பாரம் விழாமல் இருக்க, குதிரை பின்னால் சாய்ந்து நிற்கும். இதற்கும் மருத்துவர் உடனே வேண்டும். குளம்பை ஐஸ் தண்ணீரில் வைப்பார்கள், தானியத்தை நிறுத்துவார்கள், காலடியில் மெத்தென்ற படுக்கை விரிப்பார்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். எனவே முழுவதும் சரியாகப் பல மாதம் ஆகும்.

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் வழி எளிது: நாளின் பெரும்பகுதி நேரமும் புல்லோ உலர்ந்த புல்லோ, எந்நேரமும் சுத்தமான தண்ணீர், தானியம் கொஞ்சமாக. புதிய தீனியை மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும்.

அடுத்த முறை சவாரிக் குதிரையைப் பார்த்தால் ஆசையாகப் பிஸ்கட்டை நீட்டாதீர்கள். அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைப் பறண்டினாலோ, பக்கத்தில் போகாமல் குதிரைக்காரரிடம் சொல்லுங்கள்.