தேகத்தைத் துண்டாடிக் கற்பதா?

நோயாளி வைத்தியரிடம் வருவது மூச்சுத் திணறுகிறது என்று. ஆராய்ந்தால் பலஹீனமடைந்தது இருதயம்; ரத்த ஓட்டம் குன்றவே சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்குகின்றன; நுரையீரலில் நீர் கசிகிறது. அவயவங்கள் மூன்று, வியாதி ஒன்று.

அமெரிக்காவில் பட்டதாரிகளே பெரும்பாலும் வைத்தியக் கல்வியில் சேருகின்றனர். 1910-இல் வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின், இரண்டு வருஷம் சாஸ்திர பாடம், இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்னும் முறை அங்கே வேரூன்றியது. தரமற்ற பள்ளிகள் பல ஒழிந்தன. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவயவத்தின் அமைப்பை ஓர் ஆசிரியரும், அதன் தொழிலை மற்றொருவரும், ரசாயனத்தை வேறொருவரும் போதிக்க, அவற்றை இணைக்கும் பாரம் மாணாக்கர் தலையில் விழுந்தது.

1952-இல் கிளீவ்லந்து நகரத்து வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலை இதை மாற்றியது. இருதயமும் ரத்தக் குழாய்களும் ஒரே பாடமாயின. அமைப்பு, தொழில், நோய் யாவும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. முதல் வருஷ மாணாக்கரே ஒரு கர்ப்பிணியைப் பிரசவம் வரையிலும் அதன் பின்னும் தொடர்ந்து கவனித்தனர்.

அடிப்படைச் சாஸ்திரம் மெலிந்துவிடும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவ்வச்சம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. எனினும் நரம்புகளின் பெயர்களை மனனம் செய்தவன் வைத்தியனாகிவிட மாட்டான். பாடப் பிரிவுகள் கல்லூரியின் சௌகரியத்துக்கு ஏற்பட்டவை. நோயாளியின் தேகம் அவற்றை அறியாது.