கடலடியில் பேசும் கருவிகள்

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நடுங்கியது. ஆழிப்பேரலை வாகரைக் கரையைத் தொட ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலானது. அந்த இடைவெளியில் எமது மக்களை எவரும் எச்சரிக்கவில்லை. இந்து சமுத்திரத்தில் அதற்கான அமைப்பே அன்று இருக்கவில்லை.

இன்று ஆழ்கடலில் வைக்கப்பட்ட உணரிகள் நீரின் அழுத்தத்தை அளக்கின்றன. அந்த அளவு ஒலியாக மேலுள்ள மிதவைக்கும், அங்கிருந்து செய்மதி வழியாக எச்சரிக்கை நிலையத்துக்கும் போகிறது. இப்படிக் கருவிகள் தாமே அளந்து, தமக்குள் தகவல் பரிமாறும் வலையமைப்பே 'பொருட்களின் இணையம்'. வீட்டு மின்மானியும் கண்காணிப்புக் கமராவும்கூட இதில் இணைகின்றன.

சிக்கல்களும் உண்டு. மின்கலம் தீரும், மிதவை சேதமடையும். கடவுச்சொல் பலவீனமானால் கருவி அந்நியர் கைக்குப் போகும். 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல் ஏராளமான கமராக்களைக் கைப்பற்றி, பெரிய இணையத்தளங்களையே முடக்கியது.

போரைக் கடந்த எமக்கு இன்னொரு கேள்வியும் முக்கியம்: சேரும் தகவல் யார் கையில் இருக்கிறது? கடலை அளக்கும் கருவி உயிர் காக்கும். மனிதரின் நடமாட்டத்தை அளக்கும் கருவி அவர்களைக் கண்காணிக்கவும் உதவும்.

எச்சரிக்கை நிலையம் அறிந்தால் மட்டும் போதாது. கரையோரக் குடிசைக்கும் அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.