நிற்கும் மலையும் நில்லாத ஒளியும்

இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிப்பது எளிய பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். மலை நம்மைக் கண்டு ஓடுவதில்லை, அருவி கூச்சப்படுவதில்லை, போய் நின்று விசையை அழுத்த வேண்டியதுதானே என்பர். கைப்பேசியே காமிராவாகிவிட்ட இந்நாளில் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றிருக்கிறது. ஆனால், மலை நிற்கிறதே ஒழிய, அதன்மீது விழும் ஒளி நிற்பதில்லை. அவ்வொளியை நாடி நடந்தவர்களுள், ஒரே பள்ளத்தாக்கிற்குச் சென்று உழைத்த இருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அப்பள்ளத்தாக்கின் பெயர் யோசெமிட்டி. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே, கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சியரா நெவாடா மலைத்தொடரில் அது அமைந்திருக்கிறது. பண்டைக் காலத்துப் பனியாறுகள் அரைத்தும் அரித்தும் சென்ற பாறைச் சுவர்கள் அதன் இருபுறமும் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றுள் 'ஹாஃப் டோம்' என்பது, ஒரு குவிமாடத்தை வாளால் நடுவே பிளந்து ஒரு பாதியை மட்டும் நிறுத்தி வைத்தாற்போன்றது. தரையிலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 4,800 அடி.

1861-ஆம் ஆண்டில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் காமிராவுடன் அங்குச் சென்றார். அக்காலத்தில் பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, அதை வெள்ளி உப்பின் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் முடித்துவிட வேண்டும். ஆதலால் படம் எடுப்பவன் தன் இருட்டறையையும் கூடாரமாகச் சுருட்டித் தன்னோடு கொண்டு செல்ல வேண்டும். வாட்கின்ஸ் கொண்டு சென்ற தகடுகளோ 18 அங்குலத்திற்கு 22 அங்குலம் அளவுள்ளவை. கண்ணாடி, மருந்துகள், கூடாரம், தனியே செய்வித்த பெரிய காமிரா ஆகிய அனைத்தையும் கோவேறு கழுதைகள் சுமந்தன. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி எளிதாகக் கிடைக்காத காலமாதலால், பெரிய படம் வேண்டுமாயின் பெரிய தகட்டையே சுமந்தாக வேண்டும்.

அச்சுமை வீண்போகவில்லை. அப்படங்கள் கிழக்குக் கரையிலுள்ளோர் கைக்கு எட்டின. 1864-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அப்பள்ளத்தாக்கை மக்கள் பொதுவுக்கெனப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். லிங்கன் கலிபோர்னியாவிற்குச் சென்றதே இல்லை.

இனி, இரண்டாமவர். 1902-இல் பிறந்த ஆன்ஸல் ஆடம்ஸ், 14 வயதில் பெற்றோருடன் முதன்முதலாக யோசெமிட்டிக்கு வந்தபோது, அவர்கள் அவருக்குக் கோடக் பிரௌனி என்னும் சிறிய பெட்டிக் காமிரா ஒன்றைக் கொடுத்தனர். பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயின்றுவந்த இளைஞர், அதன்பின் ஆண்டுதோறும் அம்மலைகளுக்கு வந்துகொண்டேயிருந்தார்.

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அவர் நண்பர்கள் சிலருடன், பனி படிந்த சரிவுகளின் வழியே ஹாஃப் டோமின் முகத்திற்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்கு ஏறினார். முதுகிலே ஏறத்தாழ 40 ராத்தல் சுமை. பையிலே 12 கண்ணாடித் தகடுகள். வழியில் எடுத்தவையும் பழுதானவையும் போக, மேலே சேர்ந்து முதன்மையான படத்தை எடுக்கும் வேளையில் எஞ்சியவை இரண்டே. பாறையின் முகமோ நண்பகல் வரை நிழலில் கிடந்தது. வெயில் திரும்பும்வரை காத்திருந்தார்.

முதல் தகட்டை மஞ்சள் வடிகண்ணாடியை லென்ஸின் முன் பொருத்தி எடுத்தார். எடுத்த மறுகணமே, கண் முன் நிற்கும் மலையின் கம்பீரம் அப்படத்தில் வராது என்பது அவருக்குப் புலப்பட்டது. மஞ்சளைக் கழற்றிவிட்டு அடர்ந்த சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தி, கடைசித் தகட்டிற்கு ஒளியை நெடுநேரம் காட்டினார்.

சிவப்புக் கண்ணாடி என்ன செய்கிறது? அது செவ்வொளியைத் தன்னூடே விட்டு, நீல ஒளியைத் தடுக்கிறது. உயர்ந்த மலையின் தெளிந்த வானம் நீல ஒளியையே மிகுதியாக அனுப்புகிறது. அது தடுக்கப்படவே, கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் ஏறக்குறையக் கறுத்துவிடுகிறது. நிழற்பகுதிகளும் கறுக்கின்றன. நேர் வெயில் படாத நிழலுக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் அந்நீல வானமே அன்றோ! வெயிலில் நிற்கும் பனியிலிருந்தோ எல்லா நிறங்களும் வருதலால், அது வெண்மையாகவே நிற்கிறது. இவ்வளவும் செந்நிறத்தையும் உணரக்கூடிய 'பான்குரோமாட்டிக்' தகடு இருந்தமையாலே இயன்றது. வாட்கின்ஸின் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீலமோ மிகுதியாகத் தெரியும். அதனால்தான் அவருடைய வானங்கள் வெற்று வெள்ளையாக இருக்கின்றன. அவ்வெள்ளை வானத்திற்கும் ஓர் அமைதி உண்டென்பது என் கருத்து.

எடுப்பதற்கு முன்பே, அச்சிட்ட படம் எவ்வாறிருக்கும் என்று மனத்தில் கண்டு, அதற்கேற்ப எடுப்பதையே ஆடம்ஸ் பின்னர்த் தம் மாணவர்களுக்குப் போதித்தார். கருமை முதல் வெண்மை வரையுள்ள சாயல்களைப் படிகளாகப் பிரித்து எண்ணிடும் முறை ஒன்றையும், பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து வகுத்தார்.

அந்தப் பயிற்சி கைகொடுத்த மாலை ஒன்றுண்டு. 1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காரில் திரும்பிக்கொண்டிருந்தவர், ஹெர்னாண்டெஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருப்பதையும், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மீது கடைசி வெயில் படிந்திருப்பதையும் கண்டார். வண்டியை நிறுத்திக் காமிராவை நாட்டினார். ஒளியளக்கும் கருவியைக் காணோம். நிலவின் பிரகாசம் ஒரு சதுர அடிக்கு 250 'காண்டில்' என்பது நினைவிலிருந்தது. அதைக்கொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். மற்றொன்று எடுக்கலாமென்று தகடுறையைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் அகன்றுவிட்டது.

நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அப்படத்திற்கு வெவ்வேறு ஆண்டுகளைக் கூறிவந்தார். பின்னர் வானநூலார், படத்தில் நிலவு நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று முடிவு செய்தனர். பௌதிகமும் வானநூலும் பயிலும் மாணவர்களுக்கு இது சுவையான செய்தி.

வாட்கின்ஸைப் போலவே இவருடைய படங்களும் சட்டமன்றத்தின் வாயிலை எட்டின. 1936-இல் சியரா சங்கத்தின் சார்பில் வாஷிங்டன் சென்று, கிங்ஸ் கான்யன் பகுதியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென்று படங்களைக் காட்டி வாதாடினார். அப்போது பலிக்கவில்லை. 1938-இல் சியரா நெவாடாவைப் பற்றிய அவருடைய படநூல் வெளிவந்தது. அது அமைச்சர் ஹெரால்டு இக்கிஸ் வழியாக ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையும் அடைந்தது. 1940-இல் பூங்கா அமைந்தது. படம் ஒன்றே காரியத்தை முடித்தது என்று கூறுவது மிகையாகும்; ஆயினும் காணாத இடத்திற்காக வாக்களிப்பவர்க்குக் காட்டுவதற்கு அதைவிட வேறென்ன இருந்தது?

இப்படங்களிலே குறையும் ஒன்றுண்டு. ஆடம்ஸின் புகழ்பெற்ற மலைக்காட்சிகளில் மனிதரைக் காண்பது அரிது. மனிதக் காலடியே படாத நிலமோ என்று மயங்கச் செய்யும் காட்சிகள் அவை. உண்மை அதுவன்று. அப்பள்ளத்தாக்கில் அவானீச்சி என்னும் பழங்குடியினர் வாழ்ந்துவந்தனர். ஓக் மரத்தின் கொட்டைகளை இடித்து மாவாக்கி உண்டனர். புல்வெளிகள் புதராகாதபடி அவ்வப்போது தீயிட்டுக் காத்தனர். வாட்கின்ஸ் அங்கே வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1851-இல், ஆயுதம் தாங்கிய படையொன்று அவர்களை அங்கிருந்து விரட்டியது. பயணிகள் வியந்து நின்ற திறந்த புல்வெளிகள் பெரிதும் அம்மக்களின் கைவேலையே.

அவர்கள் அப்பள்ளத்தாக்கை 'அவானீ' என்று அழைத்தனர். ஆடம்ஸ் இரண்டு தகடுகளுடன் வெயிலுக்காகக் காத்திருந்த அதே 1927-இல், பள்ளத்தாக்கின் தரையில் செல்வர்களுக்கென ஒரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'அவானீ'.