ராய்ப் பள்ளத்தாக்கின் இணைச் சாலைகள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் லொகாபர் என்னும் பகுதி ஒன்று உண்டு. பிரிட்டன் தீவின் மிக உயர்ந்த சிகரமாகிய பென் நெவிஸ் அங்கேதான் நிற்கின்றது. அதற்கு வடகிழக்கே, ராய் என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கு அமைந்திருக்கின்றது. ஊர்கள் மிகுதியாக இல்லை. ஆடுகள் மேயும் புல்வெளியும், ஹெதர் என்னும் குறும்புதரும், ஈரம் காயாத மலைச்சரிவுகளுமே கண்ணுக்குத் தெரிவன. ஆயினும் உலகத்து நிலநூல் வல்லார் அனைவரும் இப்பள்ளத்தாக்கின் பெயரை அறிவர். அதற்குக் காரணம் அச்சரிவுகளின்மேல் காணப்படும் மூன்று கோடுகள்.

பள்ளத்தாக்கின் இருபுறத்து மலைகளிலும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோடுகள் கிடைமட்டமாகச் செல்கின்றன. மலை வளையும் இடத்தில் அவையும் வளைகின்றன. ஓடை புகுந்த இடத்தில் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளிவருகின்றன. ஆனால் மேலேறுவதுமில்லை, கீழிறங்குவதுமில்லை. கொத்தனார் ரசமட்டம் வைத்துக் கட்டிய சுவரைப்போல் மட்டம் பிசகாமல் செல்வதாகவே கண்ணுக்குத் தோன்றுகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 260 மீட்டர், 325 மீட்டர், 350 மீட்டர் என்பன அவற்றின் உயரங்கள். அருகே சென்று பார்த்தால் ஒவ்வொன்றும் சரிவில் வெட்டிய படியைப்போல், பல இடங்களில் 10 மீட்டர் அளவு அகலம் உடையதாக இருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போதும், மெல்லிய பனி படிந்திருக்கும்போதும் அவை தெளிவாகப் புலப்படும்.

இவற்றுக்கு ‘இணைச் சாலைகள்’ என்று பெயர். பழைய வீரக் கதைகளில் வரும் பிங்கல் என்னும் தலைவன் வேட்டைக்குச் செல்வதற்காக இவற்றை அமைத்தான் என்று அந்நாட்டு மக்கள் சொல்லி வந்தனர். மனிதர் கை படாமல் இத்துணை ஒழுங்கு எவ்வாறு அமையும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஒழுங்கைக் கண்டவிடத்துக் காரணத்தைத் தேடுவது அறிவின் முதற்படி அன்றோ?

மனிதர் வெட்டாமல் இயற்கையே வெட்டியதென்றால், இத்தகைய மட்டக்கோட்டை எது வரையவல்லது? நீர் ஒன்றே வல்லது. ஏரியில் நீர் நெடுநாள் ஒரே மட்டத்தில் நின்றால், கரையைச் சுற்றிலும் ஒரு தடம் விழுவதை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் இம்மூன்று கோடுகளும் மூன்று பழைய நீர்க்கரைகள் என்பது அறிஞர்க்குத் தோன்றியது. 1817-ஆம் ஆண்டில் ஜான் மெக்கல்லக் என்பவர், முன்னொரு காலத்தில் இங்கே ஓர் ஏரி இருந்ததென்று எழுதினார். அடுத்த ஆண்டு தாமஸ் லாடர் டிக் என்பவரும் அவ்வாறே கூறினார்.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ராய் ஆறு தென்மேற்கே பாய்ந்து ஸ்பீன் ஆற்றில் கலக்கின்றது. ஸ்பீன் மேற்கே செல்கின்றது. அத்திசையில் பள்ளத்தாக்கு வாய் திறந்து கிடக்கின்றது. 350 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால், அவ்வாயை அடைத்து ஒரு பேரணை இருந்திருக்க வேண்டும். பாறையாலோ மண்ணாலோ ஆன அணையாயின், உடைந்தபின் அதன் எச்சமேனும் கிடக்க வேண்டும். அத்தகைய எச்சம் எதுவும் அங்கே இல்லை.

1838-ஆம் ஆண்டுக் கோடையில் இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் அங்கு வந்து எட்டு நாள் ஆராய்ந்தார். அவர் சார்லஸ் டார்வின். தென் அமெரிக்காவில், சிலி நாட்டுக் கடற்கரை நிலநடுக்கத்தால் உயர்ந்ததை அவர் நேரில் கண்டவர். பழைய கடற்கரைகள் படிப்படியாக மேலே நிற்பதையும் பார்த்தவர். அக்காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. ‘ஏரி என்றால் அணை வேண்டும், அணை இருந்ததற்குச் சான்று இல்லை, ஆகவே ஏரி இல்லை. ஏரி இல்லையெனில் எஞ்சியிருப்பது கடலே’ என்று அவர் முடிவு செய்தார். கடல் இப்பள்ளத்தாக்கினுள் நுழைந்திருந்ததென்றும், பின்னர் நிலம் மெல்ல உயர்ந்து, இடையிடையே நின்று நின்று எழுந்ததென்றும், அப்படி நின்ற இடங்களே இக்கோடுகளென்றும் 1839-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

கடல் வந்திருந்தால் கடற்சிப்பிகள் கிடைக்க வேண்டும், ஒன்றும் கிடைக்கவில்லை. அவை கரைந்து போயிருக்கலாம் என்பது டார்வினின் விடை. கடல் இவ்வொரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. அவ்வுயரத்தில் சுற்றிலும் உள்ள பள்ளத்தாக்குகள் யாவற்றிலும் இத்தகைய கோடுகள் இருக்க வேண்டும் அன்றோ? அவையும் இல்லை.

1840-இல் சுவிட்சர்லாந்து நாட்டு லூயி அகாசிஸ் ஸ்காட்லாந்துக்கு வந்தார். பனியாறுகளின் நாட்டில் பிறந்து, அவற்றின் போக்கையும் அவை பாறையில் கீறிச் செல்லும் வடுக்களையும் நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். பனியாறு ஒன்று பக்கப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்து நிற்க, அதன் பின்னே ஏரி தேங்குவது ஆல்ப்ஸ் மலையில் உள்ள வழக்கமான காட்சி. ராய்ப் பள்ளத்தாக்கைக் கண்டதும் அவருக்கு விடை புலப்பட்டது. தேடிய அணை இருந்தது உண்மை. அது பனிக்கட்டியால் ஆனது. வெப்பம் மிகுந்ததும் அது உருகி நீராய் ஓடிவிட்டது. எச்சம் எங்ஙனம் கிடைக்கும்?

அப்படியாயின் கோடுகள் மூன்று ஏன்? நம் ஏரிகளில் உள்ள கலிங்கை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஏரியின் நீர் கலிங்கின் மட்டத்துக்கு மேல் ஏறாது; மிகை நீர் அவ்வழியே வெளியேறிவிடும். ராய்ப் பகுதியைச் சூழ்ந்த மலைகளில் மூன்று தாழ்ந்த கணவாய்கள் உள்ளன. ஒன்று ஸ்பீன் பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில் 260 மீட்டர் உயரத்திலும், மற்றொன்று ராயின் பக்கக் கிளை ஒன்றின் தலைப்பில் 325 மீட்டர் உயரத்திலும், மூன்றாவது ராய்ப் பள்ளத்தாக்கின் தலைப்பிலேயே 350 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேற்கிலிருந்து முன்னேறிய பனி முதலில் ஸ்பீனின் வாயை அடைத்தது. நீர் 260 மீட்டர் வரை ஏறி முதற் கணவாயால் வழிந்தது. பனி இன்னும் முன்னேறி ராயை அவ்வழியினின்றும் துண்டித்தது. நீர் 325 மீட்டருக்கு ஏறியது. அவ்வழியும் அடைபட, 350 மீட்டருக்கு உயர்ந்தது. பனி பின்வாங்கியபோது இதே வரிசை தலைகீழாக நிகழ்ந்தது. கோடுகளின் உயரமும் கணவாய்களின் உயரமும் ஒத்திருப்பதே இவ்விளக்கத்தின் உரைகல். மேலும் ஒரு வியப்பு: இன்று ராயின் நீர் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலைச் சேர்கின்றது; அந்நாளிலோ கலிங்கு தாண்டிய நீர் ஸ்பே ஆற்றின் வழியே கிழக்கே வட கடலைச் சேர்ந்தது.

இவை நிகழ்ந்த காலம் ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஸ்காட்லாந்து முழுவதையும் மூடியிருந்த பெரும் பனிப்பரப்பு உருகியபின், குளிர் மீண்டும் ஒருமுறை திரும்பி வந்த காலம் அது. ஏரியின் அடியில் ஆண்டுதோறும் படிந்த மெல்லிய வண்டல் அடுக்குகளை எண்ணி, ஏரி சற்றேறக்குறைய 500 ஆண்டு நிலைத்திருந்ததென்று அண்மைக்கால ஆய்வாளர் கணித்திருக்கின்றனர். பாறைப் பிளவில் புகுந்த நீர் உறைந்து கல்லைப் பிளக்க, அலை அதனை வாரிச் செல்ல, கரையில் படி வெட்டப்பட்டது.

டார்வின் அகாசிஸின் விளக்கத்தை உடனே ஏற்றாரல்லர். இருபது ஆண்டுக்கு மேல் தம் கருத்திலேயே நின்றார். 1861-இல் தாமஸ் ஜேமிசன் என்னும் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர் அவ்விடத்தை நுணுகி ஆராய்ந்து, தாம் கண்டவற்றை அவருக்கு எழுதினார். அப்போது டார்வின் உலகப் புகழ் பெற்றவர். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் நூல் வெளிவந்து ஈராண்டு ஆகியிருந்தது. ஆயினும் சான்றுகளைக் கண்டதும் தம் கொள்கை வீழ்ந்துவிட்டதென்று தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஜேமிசனின் கட்டுரை 1863-இல் வெளிவந்தது. பின்னாளில் தன்வரலாறு எழுதுகையில், அப்பழைய கட்டுரையை எண்ணி வெட்குவதாகவும், பிற விளக்கங்களை விலக்கிவிட்டால் எஞ்சியது உண்மை என்று கொள்ளும் முறையை அறிவியலில் நம்பலாகாது என்று அது தமக்குக் கற்பித்ததாகவும் டார்வின் குறித்திருக்கின்றார்.

இவ்விடத்தை மாணவர்கள் நன்கு சிந்திக்க வேண்டும். டார்வின் கண்ட குறை உண்மையானது. மண்ணணை இருந்ததில்லை என்பதில் அவர் தவறவில்லை. ‘எனக்கு வேறு வழி தெரியவில்லை’ என்பதை ‘வேறு வழியே இல்லை’ என்று கொண்டதுதான் பிழை. அவர் பட்டியலில் பனிக்கட்டி இடம் பெறவில்லை. நாம் விலக்குவன எல்லாம் நாம் அறிந்தவையே. அறியாதது பட்டியலுக்கு வெளியே காத்திருக்கின்றது. வழக்கு ஆராயும் நடுவர்க்கும், நோய் நாடும் மருத்துவர்க்கும், வகுப்பில் குற்றம் செய்தவன் எவன் என்று தேடும் ஆசிரியர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ராய்ப் பள்ளத்தாக்கு 1970 முதல் தேசிய இயற்கைக் காப்பிடமாகப் பேணப்பட்டு வருகின்றது. பனியும் ஏரியும் மறைந்த பின்னும் அம்மூன்று கோடுகள் மலைமேல் நிற்கின்றன. அங்கே செல்ல வாய்ப்புடையோர் ஒரு மாலைப் பொழுதில் சென்று காண்பாராக. செல்ல இயலாதோர், தம் ஊர் ஏரிக்கரையில் நின்று, வற்றிய நீர் விட்டுச் சென்ற தடத்தைச் சற்றே உற்றுநோக்கினாலும் இயற்கையின் அதே எழுத்தைப் படிக்கலாம்.