மலையேற்றத்தில் லொறி கொதிப்பதேன்?
விசிறிக் கிளச்சைச் சோதிக்கும் முறை



வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் கோவா, போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியன வெளியூர்ச் சந்தையை அடைவதற்கு லொறியையே நம்பியிருக்கின்றன. பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவ்வேற்றத்தில் பாரத்துடன் மெதுவாகச் செல்லும் லொறிக்கு எதிர்க்காற்றுப் போதாது. விசிறியே எஞ்சினைக் குளிர்வித்தல் வேண்டும். சமதரையில் கொதிக்காத எஞ்சின் ஏற்றத்தில் மட்டும் கொதிக்குமாயின், விசிறிக் கிளச்சைச் சோதித்தல் நன்று.

கிளச் இயங்கும் விதம்

விசிறியின் நடுவிலுள்ள வட்டப் பெட்டியே கிளச். அதனுள் தடித்த சிலிக்கோன் எண்ணெயும், முகப்பில் ஈருலோகச் சுருளும் உண்டு. றேடியேற்றர் வழியே வரும் காற்றுச் சூடானால் சுருள் அசைந்து வால்வைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்து விசிறியை எஞ்சினுடன் பிணைக்கும். காற்றுக் குளிர்ந்ததும் பிணைப்புத் தளரும். மின்விசிறி பூட்டிய வாகனங்களில் இக்கிளச் இராது.

சோதிக்கும் முறை

முதலில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீரின் அளவு, பட்டியின் இறுக்கம், றேடியேற்றரில் அடைந்த சேறு ஆகியவற்றைக் கவனிக்குக. இவை சரியாயிருப்பின்:

1. எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்துக்கொள்க. ஓடும் எஞ்சினின் விசிறியருகே கையைக் கொண்டுசெல்லல் ஆகாது.

2. விசிறியைக் கையாற் சுழற்றுக. சிறிது தடை தோன்றவேண்டும். தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினால் எண்ணெய் ஒழுகியிருக்கலாம். அசைக்கவே கடினமாயின் கிளச் இறுகியுள்ளது. அத்தகைய விசிறி எந்நேரமும் இரைந்து எரிபொருளை வீணாக்கும்.

3. எஞ்சின் நன்கு சூடேறிய பின் நிறுத்தி, துணி சுற்றிய கையால் மீண்டும் சுழற்றுக. தடை முன்னிலும் மிகுந்திருத்தல் வேண்டும்.

4. இதழை முன்பின்னாக ஆட்டுக. மிகுதியாக ஆடினால் போல்பேரிங் தேய்ந்துள்ளது. விசிறி றேடியேற்றரைக் கிழிக்கக்கூடும்.

5. கிளச்சின்மேல் எண்ணெயும் தூசியும் கலந்த கோடுகள் பரவியிருப்பின் அது கசிவின் அடையாளம்.

பழுதான கிளச்சை முழுமையாக மாற்றுவதே முறை. ஆணியிட்டு இறுக்கிவிடுதல் பட்டியையும் இதழ்களையும் கெடுக்கும்.

வழியிற் கொதித்தால்

ஓரமாக நிறுத்துக. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறவாதீர். கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். அப்புத்தளை உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைக் காப்பதாலேயே எஞ்சின் நீர் அதற்கு மேலும் தாங்குகின்றது. ஆதலால் மூடியின் இறப்பர் வளையத்தையும் இடைக்கிடை பார்த்து வருக.

சந்தைக்குப் புறப்படுமுன் செலவிடும் சில நிமிடங்கள், ஒரு போகத்தின் உழைப்பு வழியில் வாடாமற் காக்கும்.