ருபார்ப்: வேரை வளர்த்துத் தண்டைத் தின்பது

இங்கிலாந்தின் தோட்டங்களில் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே தலைகாட்டும் செடி ருபார்ப். பிப்ரவரிக் கடைசியில், சுற்றிலும் வெறும் ஈரமண்ணாகக் கிடக்கும்போது, கட்டைவிரல் பருமனில் சிவந்த மொக்கு ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு எழும். மொக்கைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்ததும் உள்ளிருக்கும் இலை வெளியே வரும். அப்போது அது முழுக்க மடிப்பும் சுருக்கமுமாக, மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும். சில வாரங்களில் மடிப்பெல்லாம் விரிந்து, இரண்டு சாண் அகலத்துக்கு இலை பரந்துவிடும். அதைத் தாங்கி நிற்கும் முழ நீளத் தண்டு அடியில் சிவப்பும் மேலே போகப்போகப் பச்சையுமாக, ஓரங்களில் வரி வரியாக இருக்கும். ருபார்ப் செடியில் உண்பது இந்தத் தண்டை மட்டும்தான். பார்க்கத் தண்டு என்றாலும், தாவரவியல்படி அது இலைக்காம்பு.

நம் சுக்காங்கீரையும் இதுவும் ஒரே குடும்பம். சுக்காங்கீரையைக் கடைந்து சாப்பிட்டவர்களுக்கு ருபார்ப்பின் புளிப்பு புதிதாக இருக்காது. தண்டின் புளிப்புக்கு முக்கியக் காரணம் மாலிக் அமிலம். கொஞ்சம் ஆக்ஸாலிக் அமிலமும் உண்டு. இலையில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம் என்பதால் இலை நஞ்சு. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் காய்கறிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ருபார்ப் இலையையும் கீரையாகச் சமைக்கலாம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அதை நம்பிச் சாப்பிட்டவர்கள் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. தண்டைப் பறித்த கையோடு இலையை வெட்டி எருக்குழியில் போட்டுவிட வேண்டும். மட்கும்போது அந்த அமிலம் சிதைந்துவிடும் என்பதால் உரத்துக்குக் கெடுதல் இல்லை.

இன்று தண்டுக்காக வளர்க்கும் இந்தச் செடியை உலகம் பல நூற்றாண்டுகள் வேருக்காகத்தான் தேடியது. மலமிளக்கியாகச் சீன மருத்துவத்தில் புகழ்பெற்றிருந்த அந்த வேர், மத்திய ஆசியா வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்று கேட்டால் கொடுப்பதும் இதே பேரினத்து வேர்தான். அது இமயமலையில் விளையும் இனம். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து ஏற்றுமதியாகும் நிலாவாரையில் எந்த வேதிப்பொருள் வயிற்றை இளக்குகிறதோ, அதே சென்னோசைடுகள் ருபார்ப் வேரிலும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ரஷ்ய அரசு இந்த வேர் வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. சீன எல்லையிலிருந்த கியாக்தா என்ற ஊரில் வேர்களைச் சோதித்துப் பார்த்துத் தரமற்றதைத் தள்ளுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அபினிக் கடத்தலை ஒடுக்க வந்த சீன அதிகாரி லின் சேசூ, 1839இல் விக்டோரியா அரசிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் ருபார்ப்பும் இல்லாமல் அயல்நாட்டார் பிழைக்க முடியாது என்ற எண்ணத்தை மறைக்கவில்லை.

இந்த வேரை விலை கொடுத்து வாங்குவதைவிட நாமே விளைவித்தால் என்ன என்று ஐரோப்பியர்களுக்கு அதற்கு முன்பே தோன்றியிருந்தது. ரஷ்ய அரசவையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மௌன்சி 1760களில் விதைகளை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். எடின்பரோவின் தாவரத் தோட்டத்தில் அவை முளைத்தன. ஆனால் மருந்து வேரின் முழு வீரியம் ஐரோப்பிய மண்ணில் கைகூடவில்லை. அதற்குள் வெவ்வேறு ருபார்ப் இனங்கள் தோட்டங்களில் அருகருகே வளர்ந்து, காற்றில் மகரந்தம் கலந்து, கலப்புச் செடிகள் பெருகியிருந்தன. அவற்றின் தண்டு சதைப்பற்றோடு புளிப்பாக இருந்தது. சர்க்கரையும் அப்போது மலிந்து வந்தது. மருந்துக்குத் தோற்ற செடி அப்படித்தான் சமையலறைக்குள் நுழைந்தது. டெப்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசப் மயட் என்ற விவசாயி 1837 வாக்கில் வெளியிட்ட 'விக்டோரியா' ரகம் இன்றும் தோட்டங்களில் இருக்கிறது.

அந்தக் கலப்புதான் இன்று விதை போடுகிறவர்களைச் சோதிக்கிறது. தோட்ட ருபார்ப்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் நான்கு தொகுதியாக 44 குரோமோசோம்கள். எந்தெந்தப் பண்பு எந்த விதைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. நல்ல சிவப்புத் தண்டுள்ள தாயிடமிருந்து எடுத்த விதையில், ஒரு கன்று பச்சையாகவும் ஒன்று மெலிந்தும் ஒன்று வந்ததும் வராததுமாய்ப் பூப்பதாகவும் வளரும். இதனால் விதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விதையிலிருந்து வளர்க்கிறவர் தேவைக்கு மூன்று மடங்கு கன்றுகளை எழுப்பி, ஒரு பருவம் பார்த்து, நல்லதை நிறுத்தி மற்றதைக் களைந்துவிட வேண்டும். அந்தத் தேர்வு மிகவும் சுவையான வேலை. நமக்கே நமக்கென்று ஒரு செடி கிடைக்கும். அது போல இன்னொன்று உலகில் இருக்காது.

ருபார்ப் விதையை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம், நடுவில் முக்கோணமாகத் தடித்த மணி, மூன்று பக்கமும் காகிதம் போன்ற சிறகு. காற்றில் பறப்பதற்காக ஏற்பட்ட சிறகு அது. விதைப்பதற்கு முன் ஓரிரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் சிறகு இளகும், மணி நீரை உறிஞ்சும். மார்ச், ஏப்ரலில் சிறு தொட்டிகளில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மண் காயாமல் பார்த்துக்கொண்டால், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். நான்கைந்து இலை விட்டதும் நிலத்துக்கு மாற்றலாம். விதையில் தொடங்குகிறவர்களுக்கு 'கிளாஸ்கின்ஸ் பெர்பெச்சுவல்' நல்ல ரகம். சீக்கிரம் பலன் தரும்.

ரகம் மாறாமல் வேண்டுமென்றால் வேர்க்கட்டைதான் வழி. தோட்டக்காரர்கள் கிரவுன் என்பது இதைத்தான். கரடுமுரடான பழுப்புக் கட்டை, அதன் தலையில் சிவந்த மொக்குகள், அடியில் விரல் பருமனுள்ள வேர்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே மஞ்சள். செடி உறங்கும் நவம்பர் முதல் மார்ச் வரை இதை நடலாம். மண்ணை ஆழமாகக் கொத்தி, மட்கிய தொழுவுரம் தாராளமாகக் கலந்து, மொக்கு மண்மட்டத்துக்குச் சரியாக நிற்கும்படி வைக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மொக்கு சற்றே மேலே தெரியட்டும். ஆழத்தில் புதைத்தால் ஈரம் கோத்து அழுகிவிடும். உரத்தைச் சுற்றிலும்தான் போட வேண்டும், தலைமேல் அல்ல. இரண்டு செடிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் விடச் சொன்னால் புதியவர்கள் தயங்குவார்கள். மூன்றாம் ஆண்டு செடி விரிந்து நிற்பதைப் பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

ருபார்ப் வளர்ப்பின் எல்லா விதிகளும் ஒரே உண்மையிலிருந்து வருகின்றன: வேர்தான் இந்தச் செடியின் குதிர். கோடையில் அகன்ற இலைகள் வெயிலில் உருவாக்கும் சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்தாக வேரில் சேர்கிறது. அடுத்த வசந்தத்தில் வெயில் வலுக்கும் முன்பே அத்தனை பெரிய இலைகளை அவ்வளவு வேகமாக விட முடிவது இந்தச் சேமிப்பால்தான். முதல் ஆண்டு ஒரு தண்டைக்கூடத் தொடக் கூடாது, இரண்டாம் ஆண்டு கொஞ்சம்தான் எடுக்கலாம் என்பது இதனால்தான். எந்த ஆண்டும் ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் பறிக்கக் கூடாது, ஜூன் கடைசியோடு பறிப்பை நிறுத்தி மிச்ச இலைகளை விட்டுவிட வேண்டும். பூந்தண்டு எழுந்தால் அடியோடு வெட்டிவிட வேண்டும். விதை கட்டச் செலவாகும் சத்து வேருக்குச் சேர வேண்டியது.

குளிர் இந்தச் செடிக்கு அவசியம். இலையுதிர்ந்து உறங்கிய கட்டை, ஐந்து டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் கழித்தால்தான் மறுபடி முளைக்கத் தயாராகும். உறைபனி பட்டதும் வேரிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இதை ஆண்டுக்கணக்கில் நிறுத்த முடியாததற்கு வெயில் பாதிக் காரணம், கிடைக்காத குளிர் மீதிக் காரணம். மாறாக டொராண்டோவில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதைவிட எளிதான பயிர் குறைவு. அங்கே வெண்டையும் கத்தரியும் படுத்தும் பாடு எதுவும் இதில் இல்லை.

வேரிலுள்ள இந்தச் சேமிப்பை மனிதன் எவ்வளவு தூரம் பயன்படுத்த முடியும் என்பதைக் காண யார்க்‌ஷைருக்குப் போக வேண்டும். 1817இல் லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தில், வாய்க்கால் வெட்டியபோது சில ருபார்ப் கட்டைகள்மேல் தற்செயலாக மண் மூடியது என்றும், வாரங்கள் கழித்து மண்ணை விலக்கியபோது இளஞ்சிவப்பில் மெல்லிய இனிய தண்டுகள் தெரிந்தன என்றும் சொல்வார்கள். வெளிச்சம் படாததால் பச்சையம் உருவாகவில்லை. ஒளியைத் தேடி நீண்ட தண்டு, வேரின் சர்க்கரையை மட்டுமே உண்டு வளர்ந்திருந்தது. 1870களில் விட்வெல் குடும்பத்தார் லீட்ஸ் அருகே இதற்கென்றே கொட்டகை கட்டினார்கள். வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல் ஊர்களுக்கு நடுவே உள்ள நிலம் 'ருபார்ப் முக்கோணம்' என்று பெயர்பெற்றது.

அங்கே எல்லாம் கைகூடியிருந்தது. பென்னைன் மலையடிவாரத்தின் உறைபனி, மழை, கொட்டகையைச் சூடாக்கப் பக்கத்துச் சுரங்கத்து நிலக்கரி, கம்பளி ஆலைகளின் கழிவு. நைட்ரஜன் மிகுந்த அந்தக் கம்பளிக் கழிவு வயலுக்கு உரமானது. கட்டைகள் இரண்டு ஆண்டு வெட்டவெளியில், ஒரு தண்டும் பறிக்கப்படாமல் வளரும். குளிர் போதிய அளவு பட்டதும் அவற்றைத் தோண்டியெடுத்து, ஒளிபுகாத தாழ்ந்த கொட்டகையில் நெருக்கமாக அடுக்குவார்கள். வெதுவெதுப்பு பட்டதும் கட்டை விழித்துக்கொள்ளும். மொக்கின் தோல் வெடிக்கும் 'டப்' என்ற ஓசை அந்த இருட்டில் காதுக்கே கேட்கும். பறிப்பது மெழுகுவத்தி வெளிச்சத்தில். அதிக வெளிச்சம் பட்டால் இலை பச்சை பிடிக்கத் தொடங்கி, தண்டின் நிறமும் மென்மையும் கெட்டுவிடும். ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை அறுவடை. ஆர்ட்ஸ்லி ரயில் நிலையத்திலிருந்து லண்டனுக்கு இதற்கென்றே இரவு ரயில் ஓடியது; 1960கள் வரை அது இருந்தது. இருநூறுக்கும் மேல் இருந்த விவசாயக் குடும்பங்கள் இன்று பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டன. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் 'யார்க்‌ஷைர் இருட்டு ருபார்ப்'புக்கு இடப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. அது பெரிய ஆறுதல்.

அறுவடை முடிந்த கட்டையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அது எருவுக்குப் போகும். வீட்டில் நாம் அந்த அளவுக்கு உறிஞ்ச வேண்டியதில்லை. ஜனவரியில், மூன்று ஆண்டாவது நிரம்பிய செடி ஒன்றின்மேல் உயரமான மண்தொட்டியையோ பழைய குப்பைத் தொட்டியையோ கவிழ்த்து, உள்ளே கொஞ்சம் வைக்கோல் போட்டு, ஓட்டையை அடைத்துவிட்டால் போதும். மற்ற செடிகளுக்குச் சில வாரம் முன்னதாகவே வெளிர்சிவப்புத் தண்டு கிடைக்கும். பிறகு அந்தச் செடியை இரண்டு ஆண்டு தொந்தரவு செய்யக் கூடாது.

பறிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கத்தி வைத்து அறுத்தால் மிஞ்சும் அடித்துண்டு அழுகி, அழுகல் கட்டைக்கு இறங்கும். கட்டைவிரலைத் தண்டின் உட்புறமாக அடிவரை இறக்கி, பிடித்து, லேசாகத் திருகி இழுக்க வேண்டும். வெளிறிய அடிப்பாகத்தோடு தண்டு முழுசாகக் கழன்று வரும். ஐந்தாறு ஆண்டில் கட்டை முதிர்ந்து தண்டுகள் மெலியத் தொடங்கும். உறங்கும் பருவத்தில் தோண்டி, மண்வெட்டியால் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொக்காவது இருக்கும்படி பார்த்து, வேறிடத்தில் நட வேண்டும். நடுக்கட்டை கட்டையேறிப் போயிருக்கும். அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சமைக்கும்போது அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அமிலம் அதை அரித்துச் சுவையைக் கெடுத்துவிடும். விரல்கடை நீளத் துண்டுகளாக நறுக்கி, சர்க்கரை தூவி, ஒரு கரண்டித் தண்ணீரோடு மூடி வைத்தால் சில நிமிடத்தில் குழைந்துவிடும். இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் இதற்கு நன்றாகச் சேரும். துண்டுகளின் உருவம் குலையாமல் வேண்டுமென்றால், சர்க்கரையில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊறி வந்த சாற்றோடு அடுப்பில் கிளறாமல் வேகவிட வேண்டும்.