வன்னி வானும் பருவக்காற்றும்

வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படையின் ஓடுபாதைகள் உள்ளன. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். ஆதலால் சோளகமா வாடையா என்பது உழவர்க்கும் மீனவர்க்கும் மட்டுமன்றி விமானிக்கும் உரிய கேள்வியாகும்.

மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் வன்னியில் வறண்டது, வெம்மையானது. சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைகளைத் தாங்கும் வலு அதற்குக் குறைவு. எனவே விமானம் கூடுதலான தூரம் ஓடியே எழவேண்டும். அன்றேல் சுமையைக் குறைக்கவேண்டும்.

தை, மாசியில் இடர் வேறு. முகிலற்ற இரவில் நிலம் விரைந்து குளிர்கின்றது. குளமும் வயலும் தந்த ஈரம் மூடுபனியாகத் தரையிற் படிகின்றது. மேலே வானம் தெளிவாயிருக்க, கீழே ஓடுபாதை தெரிவதில்லை. வெயில் ஏறும்வரை பொறுத்திருக்கவேண்டியதுதான்.

யாவற்றினும் கொடியது மார்கழி. 1964 டிசம்பர் 22இல் வவுனியா வழியே சென்ற சூறாவளி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. அத்தகைய புயல் அரிது. தாழ்ந்த மழைமுகிலோ ஆண்டுதோறும் வருவது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. வீதிகள் துண்டிக்கப்படும் அத்தகைய வேளையிலேதான் மக்கள் ஹெலிகொப்டரை எதிர்பார்ப்பர். வெள்ளத்தைத் தந்த முகில் மரமுடிவரை தாழ்ந்து நிற்குமாயின், அதுவும் எழ இயலாது.